ஊதாச் சேலைப் பந்தய நிபுணர்

எனக்குச் சற்றும் தெரியாத விஷயங்களைப் பற்றி நான் மிக நன்றாக எழுதுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பூச்சட்டி வைக்கவும் இடமில்லாத மூன்றாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு, "உங்கள் தோட்டத்துக்கு ஏற்ற புல்வெட்டும் இயந்திரம் எது?" என்று எழுதியிருக்கிறேன். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுக்க முன்பே பனிக்கால டயர்களைப் பற்றி எழுதினேன். நாய்ச் சாப்பாடு பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு, தன் நாய்க்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டதென்று ஒரு பெண் நன்றி சொல்லி எழுதியிருந்தார். (எனக்கு நாய் என்றால் பயம். எதிரே வந்தால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. டுசல்டோர்ஃபில் ஒரு பல் வைத்தியரிடம் ஆறு வருடம், மற்றவர்களுடைய எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, இனிப் போதும் என்று சமூகப்பணி படிக்கப் போயிருந்தேன். கணவர் நிரோஷனுக்கு ஒரு களஞ்சியத்தில் வேலை. என் பங்குக்கு நான் வீட்டிலிருந்தபடியே ஓர் இணையத்தளத்துக்கு ஒப்பீட்டுக் கட்டுரைகள் எழுதினேன். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று அந்தத் தளத்தின் ஆசிரியர் மின்னஞ்சலில் சொல்வார். அவரை நான் நேரில் கண்டதில்லை. எது முதலாம் இடம், எது ஐந்தாம் இடம் என்ற வரிசையும் தலைப்போடு சேர்ந்தே வந்துவிடும். காரணங்களை மட்டும் நான் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு. அதில் ஏதோ பிழை இருக்கிறதென்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு நாள் வந்த தலைப்பு இது: "மின்விளையாட்டுப் போட்டிகளுக்குப் பந்தயம் கட்டச் சிறந்த ஐந்து கணிப்புச் சந்தைகள்." அதில் 'சிறந்த', 'ஐந்து' என்ற இரண்டு சொற்களும் எனக்கு விளங்கின.

மிச்சத்தை நிரோஷனிடம் கேட்டேன். வேலையால் வந்ததும் சோபாவில் சாய்ந்து, யாரோ கணினியில் விளையாடுவதை மணிக்கணக்காகப் பார்ப்பவர் அவர்.

"பங்குச்சந்தை மாதிரித்தான். கொம்பனிக்குப் பதிலா, கொம்பியூட்டரில சுட்டு விளையாடுற பொடியளின்ர அணி. வெல்லுமெண்டு நினைச்சா 'ஓம்' வாங்கலாம், தோக்குமெண்டா 'இல்லை' வாங்கலாம். ஆட்டம் போகப்போக விலை ஏறும், இறங்கும்."

"நீங்கள் வாங்குறனீங்களோ?"

"எனக்கென்ன விசரே?"

என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. ஐந்து தளங்களையும் திறந்து, கணக்கு எதுவும் தொடங்காமல், வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். பச்சை நிறத்தில் இருந்த ஒன்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. 'பயன்படுத்த இலகு' என்ற கட்டத்தில் அதற்கு நாலரை நட்சத்திரம் போட்டேன். இன்னொன்றில், வென்ற பணத்தை வெளியே எடுக்க எத்தனை நாள் செல்லும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதை 'பொறுமையுள்ளவர்களுக்கு ஏற்றது' என்றேன். போட்டி பாதியில் நின்றுபோனால் கட்டிய பணம் என்னவாகும் என்பதை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னது. மூன்று தடவை வாசித்தும் தலைகால் புரியவில்லை. 'விதிகள் மிகத் தெளிவானவை' என்று எழுதிவிட்டு ரீ குடிக்கப் போனேன்.

அனுபவம் தெரிய வேண்டும், 'நான்' என்று எழுதுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். நானும் எழுதினேன்: "மூன்று வருடங்களாக இந்த ஐந்து தளங்களிலும் என் சொந்தப் பணத்தைப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்."

அதுவரை என் கட்டுரைகளின் கீழே 'எங்கள் நிபுணர் குழு' என்றுதான் போடுவார்கள். இந்த முறை நம்பிக்கை வர வேண்டும் என்று பெயரும் படமும் கேட்டார் ஆசிரியர். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஜெனிற்றா சவிரிமுத்து என்று முழுப்பெயரையும் கொடுத்தேன். (ஜெர்மனியில் இந்தப் பெயரில் இரண்டாவது ஆள் இருக்க வழியில்லை.) படத்துக்கு, சித்தியின் மகளுடைய கல்யாணத்தில் எடுத்ததை அனுப்பினேன். ஊதாப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் அம்மாவின் பதக்கச் சங்கிலி. கட்டுரை வெளிவந்த அன்று படம் வடிவாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வடிவாகத்தான் வந்திருந்தது. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து என் படிப்பில் அரை வருடம் ஏதாவதொரு நிலையத்தில் பயிற்சி செய்ய வேண்டி வந்தது. சிறுவர் இல்லம், அகதிகள் முகாம், முதியோர் இல்லம் என்று பதினான்கு இடங்களுக்கு எழுதிப் போட்டேன். பதின்மூன்று இடத்திலும் ஆள் எடுத்தாயிற்று. பதினாலாவது இடத்திலிருந்து மட்டும் நேர்முகத்துக்கு வரச்சொல்லி, நாளும் நேரமும் குறித்துத் தெர்மின் கொடுத்திருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் அரை வருடம் வீண், படிப்புக்கு வரும் உதவிப்பணமும் நின்றுவிடும்.

அந்தப் பதினாலாவது இடம், சூதாட்டத்துக்கு அடிமையானவர்களுக்கான ஆலோசனை நிலையம்.

அதற்கு ஏன் விண்ணப்பித்தேன் என்றால், எங்கள் வீட்டிலிருந்து டிராமில் பத்து நிமிடம். 'இந்தத் துறையில் எனக்கு நீண்டகால ஈடுபாடு உண்டு' என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். பழக்கதோஷம். பந்தயக் கட்டுரை எனக்கு நினைவுக்கே வரவில்லை. புல்வெட்டும் இயந்திரம் நினைவில் இருந்தால்தானே அதுவும் இருக்கும்.

நிலையத்தின் தலைவி ஃபிறவ் ஹொஃப்மனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, அவசரமே இல்லாத குரல். அவருக்குப் பக்கத்தில் இளம் ஆலோசகர் ஹெர் வென்ட், குறிப்புக் கொப்பியும் பேனையுமாக இருந்தார். மேசையில் தண்ணீர்ப் போத்தல்களோடு ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அது என் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. யாருக்கோ தடிமன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வேலையைப் பற்றிப் பேச முன் ஒன்று கேட்க வேண்டும்," என்றார் ஃபிறவ் ஹொஃப்மன். "நீங்கள் விளையாடுவீர்களா?"

இந்த இடத்தில் ஜெர்மன் மொழி என் காலை வாரிவிட்டது. பந்து விளையாடுவதற்கும் பியானோ வாசிப்பதற்கும் சூதாடுவதற்கும் அந்த மொழியில் ஒரே வினைச்சொல்தான். என் சுயவிபரத்தின் கடைசி வரியில், பொழுதுபோக்கு என்ற இடத்தில், பட்மின்ரன் என்று எழுதியிருந்தேன். முதலில் பொழுதுபோக்கைப் பற்றி இலகுவாகக் கேட்டு உங்கள் பதற்றத்தைக் குறைப்பார்கள் என்று எங்கள் விரிவுரையாளரும் சொல்லியிருந்தார். அட, கடைசி வரி வரை வாசித்திருக்கிறாவே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"ஆம், கிழமைக்கு மூன்று நாள்," என்றேன்.

வென்ட் எழுதினார்.

"கடைசியாக எப்போது?"

"நேற்றுப் பின்னேரம். இன்று இந்த நேர்முகம் இருப்பதால் போகாமல் விடத்தான் நினைத்தேன். ஏலவில்லை."

"எத்தனை வயதில் தொடங்கினீர்கள்?"

"எட்டு. அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு முழங்கால் போய்விட்டது, இன்னும் விடவில்லை."

ஃபிறவ் ஹொஃப்மன் சற்று முன்னால் சாய்ந்தார். "முழங்காலுக்கு என்ன நடந்தது?"

"இதனால் வந்ததுதான். இவ்வளவு வருடம் விளையாடினால் அப்படித்தானே. எங்கள் ஆட்களில் கனபேருக்கு நடந்திருக்கிறது."

வென்டின் பேனை நின்றது. அவர் தலைவியைப் பார்த்தார், தலைவி என்னைப் பார்த்தார். ஒரு வேற்றுநாட்டுப் பெண் இவ்வளவு சரளமாக ஜெர்மன் பேசுவதைக் கண்டு வியக்கிறார்கள் என்று நான் முடிவுசெய்தேன்.

எங்கே விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் நாங்கள் சேர்ந்து ஒரு மண்டபம் எடுத்திருப்பதையும், ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அங்கே போவதையும் சொன்னேன். எங்கள் குருவும் வருவார் என்றேன். அவர்தான் எல்லோரிலும் மோசம், தோற்றுவிட்டால் இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று ஒருவரையும் வீட்டுக்குப் போக விடமாட்டார் என்றும் சொன்னேன். குழந்தைகள் அங்கே வருவதில்லையே என்று மெதுவாகக் கேட்டார். கவலைப்படாதீர்கள், சனிக்கிழமையில் அவர்களுக்குத் தனிக் குழு, ஆறு வயதிலிருந்து சேர்க்கிறோம் என்றேன். சமூகப்பணி படிப்பவள் என்ற முறையில் அந்தக் குழந்தைகள் குழுவை ஆரம்பித்ததே நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"தோற்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

நேர்முகத்தில் பலவீனத்தைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று படித்திருந்தேன். இரவு நித்திரை வராது என்றேன். ஒருமுறை கணவர் விட்ட பிழையால் தோற்று, இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை என்றேன்.

"நிறுத்த வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா?"

"ஏன் நிறுத்த வேண்டும்? என்னை ஒழுங்காக வைத்திருப்பதே இதுதான். நான் இங்கே சேர்ந்தால் உங்கள் இரண்டு பேரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகிறேன்."

ஃபிறவ் ஹொஃப்மன் கைக்குட்டைப் பெட்டியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். இவ்வளவு திறந்த மனத்தோடு பேசியதற்கு நன்றி என்றார். என்னை வேலைக்கு எடுக்க இயலாது, ஆனால் எனக்கென்றே ஒரு தெர்மின் தர முடியும், விரும்பினால் அப்பாவையும் கூட்டி வரலாம் என்றார். பிறகு தன் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அதில் நான் இருந்தேன். ஊதாச் சேலை, மல்லிகை, பதக்கச் சங்கிலி. நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். படத்துக்குக் கீழே, எட்டு மாதமாக நான் வாசிக்காமல் விட்ட வரிகள் இருந்தன: "பதினொரு வருட அனுபவமுள்ள தொழில்முறைப் பந்தயக்காரர். இதைக்கொண்டே வாழ்க்கை நடத்துபவர்."

ஒரு நிமிடத்துக்கு முன் என் வாயால் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எட்டு வயதில் கூட்டிக்கொண்டு போன அப்பா. அவருடைய முழங்கால். இன்னும் ஒருக்கா என்று நிற்கும் குரு. ஆறு வயதிலிருந்து நான் சேர்த்த குழந்தைகள்.

"பட்மின்ரன்," என்றேன். "நான் சொன்னது பட்மின்ரன்."

வென்ட் தன் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். அவருடைய தோள்கள் ஆடத் தொடங்கின. "அப்படியானால் முழங்கால்?" என்று கேட்டார். மூட்டுத் தேய்வு என்றேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து வெளியே ஓடினார். மேசையில் மூன்று போத்தல் தண்ணீர் இருந்தது.

ஃபிறவ் ஹொஃப்மன் சிரிக்கவில்லை. விரலைத் தாளின் மேல் வைத்தார். "அப்படியானால் இது?"

தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன். வாழ்க்கையில் ஒரு தடவையும் பந்தயம் கட்டியதில்லை, அந்தத் தளங்களில் கணக்குத் திறந்ததில்லை, அந்தப் போட்டிகளில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே என் குரல் எனக்கே கேட்டது. நான் தப்பவில்லை, இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

"இதில் எழுதியிருப்பதில் எது உண்மை?" என்று கேட்டார்.

தாளைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.

"என் பெயர்."

அவர் தலையாட்டினார். பிறகு, தாளை நாங்கள் இணையத்தில் தேடி எடுக்கவில்லை என்றார். "இங்கே வருகிற ஒருவர் கொண்டுவந்தது. உங்கள் விண்ணப்பத்தில் பெயரைக் கண்டதும் எனக்கு நினைவு வந்தது. இந்தக் கோடும் அவர் போட்டதுதான்."

அப்போதுதான் கவனித்தேன். 'கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்' என்ற வரியின் கீழே நீலப் பேனையால், அடிமட்டம் வைத்து, நேராகக் கோடு போட்டிருந்தது. அந்த ஐந்து தளங்களில் நான்குக்கு இந்த நாட்டில் அனுமதியே கிடையாது என்றும் அவர் சொன்னார். அந்த மனிதர் எவ்வளவு இழந்தார் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டையை இழுத்தேன். பிறகு இன்னொன்றை.

"நீங்கள் அடிமையாகி வந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை," என்றார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது.

பயிற்சியிடம் கிடைக்கவில்லை. ஆனால் எழுந்து போகும்போது, ஒரு புதன்கிழமை வந்து இங்கே கூடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது என்று சொல்வீர்களா என்று கேட்டார். கட்டாயம் இல்லை என்றார். கட்டாயம் என்று சொல்லியிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றிருப்பேன்.

போனேன். வட்டமாகப் போட்ட கதிரைகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். என் பெயரைச் சொன்னதும், பேக்கரியில் வேலை செய்கிற பெரிய உடம்புக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சேலை இல்லாததால் அடையாளம் தெரியவில்லை என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முதலாவது ஏன் முதலாவது?"

"அவர்கள்தான் ஆகக் கூடக் காசு கொடுத்தார்கள். நான் எழுதத் தொடங்க முன்பே வரிசை வந்துவிட்டது."

"இரண்டாவது?"

"அவர்கள் கொஞ்சம் குறையக் கொடுத்தார்கள்."

அவர் தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு கிழமை மினக்கெட்டு, நான் போட்ட நட்சத்திரங்களை ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிப் பார்த்துத்தான் தெரிவு செய்ததாகச் சொன்னார். அந்த நாலரை எதற்கு என்று கேட்டார். பச்சை எனக்குப் பிடித்த நிறம் என்று சொல்ல வேண்டி வந்தது. வட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். கடைசியில் அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் சிரிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போகும்போது கை மட்டும் கொடுத்தார்.

வீட்டில் நடந்தது வேறு. நிரோஷன் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து கீழே விழுந்தார். அப்பாவுக்கு அதிர்ச்சி. தன் முழங்காலைப் பற்றிச் சொன்னது பரவாயில்லையாம். "ஃபாதரையும் சேர்த்தே சொன்னனி பிள்ளை?" என்று அன்று முழுக்கத் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு குருவிடம் தானே போய்ச் சொன்னார். குரு பாவமன்னிப்புக் கொடுக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து சிரித்த சத்தம் வெளியே வரிசையில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

கட்டுரைகள் எழுதுவதை அன்றோடு விட்டேன். பயிற்சி அரை வருடம் பிந்தி, கடனில் சிக்கியவர்களுக்கு உதவும் ஒரு நிலையத்தில் கிடைத்தது. இப்போது அங்கேதான் வேலை.

என் பெயரையும் அந்தக் கட்டுரையையும் எடுத்துவிடும்படி தள ஆசிரியருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மூன்றாவதில் வழக்கறிஞர் என்ற சொல்லைச் சேர்த்தேன். மறுநாளே பெயரை எடுத்தார்கள். பெயரை மட்டும். ஒரு மாதம் கழித்து நிரோஷன் தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதே கட்டுரை, அதே ஐந்து தளங்கள், அதே ஊதாச் சேலையும் மல்லிகையும். கீழே: "மார்கஸ், ஐம்பத்திரண்டு வயது, முன்னாள் வங்கி அதிகாரி."

நான் எழுதாத மின்னஞ்சல் இல்லை, நிரப்பாத முறைப்பாட்டுப் படிவம் இல்லை. மார்கஸ் அசையவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் பெயர் மார்கஸ் அண்ணை. மார்கஸ் அண்ணை சாப்பிட்டாரோ, மார்கஸ் அண்ணைக்கு இண்டைக்கு லீவோ என்று அம்மாகூடக் கேட்கத் தொடங்கிவிட்டா.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் அப்பா எங்கள் வீட்டிலிருந்து ரொறொன்ரோவில் இருக்கும் மாமியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். ஜெனிற்றா எங்கே என்று மாமி கேட்க, "இஞ்ச மார்கஸ் அண்ணை குசினிக்குள்ள சமைக்கிறார்" என்று சொல்லிவிட்டு, வாசலில் மணியடித்ததால் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு நாங்கள் மாறி மாறி எடுத்து விளக்கினோம். கணிப்புச் சந்தை, கட்டுரை, ஊதாச் சேலை என்று நாங்கள் விளக்க விளக்க, இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று மாமிக்கு உறுதியாகிவிட்டது.

போன நத்தாருக்கு அவவிடமிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு வாழ்த்து மட்டைகள் தனித்தனி உறையில் வந்தன. ஒன்று மார்கஸுக்கு. "தம்பி, நடந்தது நடந்துபோச்சு, எங்கட பிள்ளையை வடிவாப் பாத்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தா. மற்றது நிரோஷனுக்கு. ஆண்டவர் உமக்கும் ஒரு வழி காட்டுவார், மனம் தளராதையும் என்று இருந்தது. அதை அவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் கதிரையில் இருக்கச் சொல்கிறார்.